ஐஸ் பாருக்குள் ஒரு வெள்ளைக் கோடு: கோவளம் கரைக்கும் அண்டார்க்டிகாவுக்கும் என்ன சம்பந்தம்?

கோவளத்தில் மீன் ஏலம் தொடங்கும் முன்பே ஐஸ் வந்துவிடும். குட்டியானை வண்டியில் சாக்கு போர்த்திக் கொண்டுவந்த ஐஸ் பார்களை இறக்கி, கட்டையால் அடித்து நொறுக்கி, பெட்டிக்குள் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு ஐஸ் என்று நிரப்புவார்கள். "அண்ணே, இதுக்கு இன்னும் ஒரு கூடை போடுங்க" என்று மீன் வாங்க வந்த அக்காக்களின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். எட்டு மணிக்கு மேல் அந்த இடத்தில் ஈர மணல்தான் மிச்சம்.

நொறுக்குவதற்கு முன் அந்த ஐஸ் பாரை ஒரு நிமிடம் பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். நடுவில் மட்டும் மேலிருந்து கீழ் வரை பால் ஊற்றியது போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சுண்ணாம்போ அழுக்கோ அல்ல, அது காற்று. ஐஸ் ஃபேக்டரியில் தகர அச்சுக்குள் தண்ணீரை ஊற்றி, கடுங்குளிரான உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைக்கிறார்கள். தண்ணீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறைகிறது. உறையும்போது தன்னிடம் கரைந்திருக்கும் காற்றையும் உப்பையும் உள்ளே தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் போக இடமில்லாமல் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளை.

ஐஸுக்குள் மாட்டிக்கொண்ட காற்றைப் படிப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் விஞ்ஞானிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பனியியல் ஆய்வாளர்கள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் தேடும் காற்று ஃபேக்டரியில் மாட்டியதல்ல. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சில இடங்களில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன், துருவத்தில் மாட்டியது. அவர்கள் கண்டுபிடித்ததில் ஒரு பகுதி கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று நீளும் நம் கரைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

விஸ்கி கிளாஸில் வந்த யோசனை

க்ளோட் லோரியஸ் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி. 1965-ல் அண்டார்க்டிகாவின் அடெலி நிலப் பகுதியில் துளையிடும் வேலையில் இருந்தார். ஒரு நாள் வேலை முடிந்ததும் குழுவினர் விஸ்கி ஊற்றிக்கொண்டார்கள். ஐஸுக்கு எங்கே போவது? ஆழத்திலிருந்து எடுத்த ஐஸ் துண்டுகளையே கிளாஸில் போட்டார்கள். ஐஸ் உருக உருக உள்ளிருந்து குமிழிகள் வெடித்துக்கொண்டு வெளியே வந்தன. அந்தக் குமிழிகளில் இருப்பது எப்போதோ அடைபட்ட வளிமண்டலம் அல்லவா, அதை அளந்தால் பழைய காலத்துக் காற்று எப்படி இருந்தது என்று தெரியுமே என்று அப்போதுதான் தோன்றியதாக அவர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

யோசனை ஒரு மாலையில் வந்துவிட்டது. அதை நிரூபிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அண்டார்க்டிகாவின் நடுமேட்டில், சோவியத் நாட்டின் வோஸ்டாக் தளத்தில் துளையிட்டு எடுத்த ஐஸை வைத்து, 1987-ல் லோரியஸும் சக விஞ்ஞானிகளும் 1,60,000 ஆண்டு வரலாற்றை வெளியிட்டார்கள். காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு கூடியபோது பூமியின் வெப்பமும் கூடியது, குறைந்தபோது அதுவும் குறைந்தது என்று அந்த ஐஸ் காட்டியது. பனிப்போர் முடியாத காலம் அது. சோவியத் துளையிட்டது, பிரான்ஸ் அளந்தது, ஐஸை ஏற்றி இறக்க அமெரிக்க விமானங்கள் உதவின. லோரியஸ் 2023-ல், 91 வயதில் காலமானார்.

வோஸ்டாக்குக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 'டோம் சி' என்ற இடத்தில் 3 கி.மீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டன. அங்கே கிடைத்தது 8,00,000 ஆண்டுக் கணக்கு. அத்தனை காலத்திலும் பத்து லட்சம் பங்கு காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறக்குறைய 170-லிருந்து 300 பங்குக்குள்தான் ஏறி இறங்கியிருக்கிறது. இப்போது அது 420-ஐத் தாண்டிவிட்டது.

பனி என்றால் எந்தப் பனி?

தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. செங்கல்பட்டில் மார்கழிக் காலையில் கொளவாய் ஏரி மேல் புகை மாதிரி நிற்பதும் பனி. புல்லில் முத்து முத்தாக இருப்பதும் பனி. சிம்லாவில் பஞ்சாகக் கொட்டுவதும் பனி, அண்டார்க்டிகாவில் கல்லாகக் கிடப்பதும் பனி. குப்பத்து மக்கள் இந்தக் குழப்பத்துக்கே இடம் தராமல் 'ஐஸ்' என்று முடித்துவிடுகிறார்கள்.

துருவத்தில் பஞ்சு எப்படிக் கல்லாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே பெய்யும் பனி கோடையிலும் உருகாது. அடுத்த ஆண்டுப் பனி அதன்மேல் விழும். அதற்கும் மேல் அதற்கடுத்த ஆண்டுப் பனி. மேலே பாரம் ஏற ஏற, கீழே உள்ள பஞ்சு நசுங்கி இறுகும். துகள்களுக்கு நடுவே காற்று ஓடிய சந்துகள் சிறுத்து, 50-லிருந்து 100 மீட்டர் ஆழத்துக்குப் போகும்போது முழுவதும் மூடிக்கொள்ளும். அந்தக் கணத்தில் அங்கே இருந்த காற்று குமிழியாகச் சிறைப்படும். கரையோரத்தில் நிறையப் பனி பெய்வதால் இது சில பத்தாண்டுகளில் நடந்துவிடும். உள்மேட்டில் பெய்வதே அபூர்வம் என்பதால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே குமிழியின் வயதும் அதைச் சுற்றியிருக்கும் ஐஸின் வயதும் ஒன்றல்ல. காற்று எப்போதும் இளையது. இந்த வித்தியாசத்தைக் கணக்கிடுவதே தனி வேலை.

ட்ரில் என்றால் நம் ஊர் போர்வெல் மாதிரி நொறுக்கிக்கொண்டு போவதல்ல. உள்ளே கூடாக இருக்கும் குழாயின் வாயில் கத்திகள் சுழலும். சுற்றிலும் செதுக்கி, நடுவில் ஒரு தண்டை மட்டும் முழுசாக விட்டுவைக்கும். அதை மேலே இழுத்து எடுப்பார்கள். விஞ்ஞானிகள் 'ஐஸ் கோர்' என்கிறார்கள். நாம் பனித்தண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்டு கையில் வந்துவிட்டது. அது பெய்த காலத்தில் எவ்வளவு குளிர் என்று எப்படித் தெரியும்? இதற்கான விடை டென்மார்க்கில் ஒரு பீர் பாட்டிலில் கிடைத்தது. 1952 ஜூனில் ஒரு வார இறுதி, கோபன்ஹேகனில் விடாத மழை. வில்லி டான்ஸ்கார்ட் என்ற இளம் விஞ்ஞானி வீட்டுத் தோட்டத்தில் காலி பீர் பாட்டிலில் புனலைச் செருகி வைத்து, பாட்டிலை மாற்றி மாற்றி மழையைப் பிடித்தார். தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனில் பெரும்பாலானது சாதாரண எடை, மிகக் கொஞ்சம் மட்டும் கூடுதல் எடை. மேகம் குளிரக் குளிர, எடை கூடியது முதலில் மழையாக விழுந்துவிடுகிறது, மேகத்தில் மிச்சமிருப்பது எடை குறைந்தது என்று அவர் அளந்து பார்த்தார். நம் வடகிழக்குப் பருவமழையை வைத்து யோசித்தால் எளிது. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் மேகம் கரையில் கொட்டிவிட்டு மேற்கே போகப் போக, எடை கூடிய தண்ணீரை வழியிலேயே இறக்கிக்கொண்டு போகிறது. துருவம் வரை போகும் மேகம் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இறக்கிவிட்டிருக்கும். எவ்வளவு குளிரோ, அவ்வளவு குறைவு. தண்டின் ஒவ்வொரு அடுக்கிலும் இந்த விகிதத்தை அளந்தால் அந்தக் காலத்துத் தட்பவெப்பம் கிடைத்துவிடும்.

பீர் பாட்டில், விஸ்கி கிளாஸ் என்று இந்தத் துறையின் இரண்டு பெரிய கதைகளும் இப்படி அமைந்தது தற்செயல்தான். மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்பதில் மாற்றமில்லை.

கோவாவில் ஒரு குளிர் அறை

இந்தியாவின் பனித்தண்டுகள் இருப்பது கோவாவில். வாஸ்கோ ட காமா ஊரில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில், வெளியே கோவாவின் வெயில் கொளுத்தும்போது உள்ளே மைனஸ் 20 டிகிரி அறையில், தடித்த ஜாக்கெட் போட்ட ஆராய்ச்சியாளர்கள் ரம்பத்தால் ஐஸ் அறுத்துக்கொண்டிருப்பார்கள். தண்டின் வெளிப்பகுதியில் ட்ரில்லின் அழுக்கும் கையின் அழுக்கும் பட்டிருக்கும் என்பதால் அதைச் சீவி எறிந்துவிட்டு உள்பகுதியை மட்டும் ஆய்வுக்கு எடுப்பார்கள். அண்டார்க்டிகாவிலிருந்து கோவா வரை அந்த ஐஸ் ஒருமுறைகூட உருகியிருக்கக் கூடாது. நடுவில் மின்சாரம் போனால் பல நூற்றாண்டு வரலாறு தண்ணீராகிவிடும்.

அந்த மையத்தின் பனியியல் ஆய்வை வளர்த்தவர்களில் முக்கியமானவர் தம்பன் மெலோத். பின்னர் மையத்தின் இயக்குநரும் ஆனார். அவரும் சி.எம்.லலுராஜ், சுஷாந்த் நாயக் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் ஆராய்ந்த தண்டுகளில் இரண்டு முக்கியமானவை. அண்டார்க்டிகாவின் டிரானிங் மாட் நிலப் பகுதியில், இந்தியாவின் மைத்ரி தளம் இருக்கும் பக்கத்தில் எடுக்கப்பட்டவை. பெயரிலேயே பிறப்பு விவரம் உண்டு. 'ஐ.என்.டி-22/பி4' என்றால் 22-வது இந்தியப் பயணத்தில் எடுத்தது. 'ஐ.என்.டி-25/பி5' என்றால் 25-வது பயணத்தில் எடுத்தது. முதலாவது 60 மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம், அதில் ஏறக்குறைய 470 ஆண்டுகள் இருக்கின்றன. இரண்டாவதில் 1905-லிருந்து 2005 வரை ஒரு நூற்றாண்டு.

இந்த அடுக்கு இந்த ஆண்டுதான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கோடைப் பனிக்கும் குளிர்காலப் பனிக்கும் வேதியியல் கொஞ்சம் மாறும். மரத்தின் வளையம் மாதிரி எண்ணிக்கொண்டே போகலாம். எண்ணும்போது தவறு வராமலிருக்க மைல்கற்கள் வேண்டும். அதற்கு எரிமலைகள் உதவுகின்றன. பி4 தண்டில் 1963-ல் வெடித்த பாலியின் அகுங் எரிமலைத் தூசியும், 1883-ல் வெடித்த கிரகடோவா எரிமலைத் தூசியும் கண்டுபிடிக்கப்பட்டன.

கிரகடோவா நம் கரைக்குப் புதிதல்ல. 1883 ஆகஸ்டில் அது வெடித்தபோது எழுந்த அலைகள் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களின் அலைமானிகளில் பதிவாகின. ஒரே வெடிப்பு, சோழமண்டலக் கரையில் அலைக்கோடாக ஒரு கையெழுத்து, அண்டார்க்டிகாவில் சாம்பலாக இன்னொரு கையெழுத்து.

பி5 தண்டு எடுக்கப்பட்டது 2005-06 பயணத்தில். ஆகவே அதன் மேல்பகுதியில் 2004 டிசம்பரில் பெய்த பனியும் இருக்கும். அந்த மாதம் 26-ம் தேதி மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கி அதுவரை யாரும் பார்த்திராத பாறைகளைக் காட்டியது. பிறகு திரும்பி வந்தது. அங்கே, மைத்ரி பக்கத்தில், வழக்கமான ஒரு கோடைக்காலப் பனி.

அந்த நூறு ஆண்டுத் தண்டு சொன்ன செய்திகளில் ஒன்று, அந்தப் பகுதி மெல்ல வெப்பமாகி வந்திருக்கிறது என்பது. இன்னொன்று, பசிபிக் கடலில் ஏற்படும் எல் நினோவின் தடம் அங்கே வரை தெரிகிறது என்பது. எல் நினோ பெயர் நமக்கும் பழக்கம்தான். எல் நினோ ஆண்டுகளில் தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழை சற்றுத் தூக்கலாக இருப்பது வழக்கம். முடிச்சூர் பக்கம் முதல் மாடி வரை தண்ணீர் நின்ற 2015-ம் வலுவான எல் நினோ ஆண்டுதான்.

கடல் நின்ற காலம்

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அத்தனை தண்ணீரும் ஐஸாக நிலத்தின் மேல் அடுக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு மாமல்லபுரத்தில் ஒருவர் நின்றிருந்தால் கடலைப் பார்க்கப் பல பத்து கி.மீ. கிழக்கே நடந்திருக்க வேண்டும். இலங்கைக்குப் படகே தேவையில்லை.

பிறகு பனி உருகத் தொடங்கியது. சீராக அல்ல. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டத்தில், 500 ஆண்டுகளுக்குள் கடல் 12 மீட்டருக்கும் மேல் ஏறியிருக்கிறது. அதாவது ஒரு தலைமுறைக்குள் அரை மீட்டருக்கு மேல். அன்றைக்குக் கரையோரம் வாழ்ந்தவர்கள் தாத்தா குடியிருந்த இடம் கடலுக்குள் போனதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெரிய ஏற்றம் முடிவுக்கு வந்தது. அதன்பின் சிறிய ஏற்ற இறக்கங்களோடு கடல் கிட்டத்தட்ட நின்றுவிட்டது. நிலைத்த கரையில்தான் துறைமுகம் கட்ட முடியும், உப்பளம் போட முடியும், குப்பம் அமைக்க முடியும். சாளுவன்குப்பத்தில் சுனாமிக்குப் பிறகு தொல்லியல் துறை தோண்டியபோது, பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே அதற்கும் பழைய செங்கல் கோயில் ஒன்று கிடைத்தது. அதே கரையில், 1,300 ஆண்டுகளுக்கு முன், ராஜசிம்ம பல்லவன் கடலைத் தொட்டாற்போல் ஒரு கற்கோயிலை எழுப்பினான். கடல் அங்கேயேதான் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அப்படிக் கட்டமாட்டார்கள்.

அந்த ராஜசிம்மன் காலத்துக் காற்று இன்றும் அண்டார்க்டிகாவில் குமிழிக்குள் இருக்கிறது. அதில் கார்பன் டை ஆக்ஸைடு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 280 பங்கு. அவனுக்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் அதே அளவுதான். நின்ற காற்று, நின்ற பனி, நின்ற கடல். மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கோயிலுக்கு இடம் கொடுத்தன.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். மாமல்லபுரத்தில் ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற பழைய கதை சமூக வலைதளங்களில் 'பனி உருகியதால் மூழ்கிய கோயில்கள்' என்ற தலைப்போடு சுற்றுகிறது. 2002-ல் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனத்தார் ஒரு பிரிட்டிஷ் குழுவோடு சேர்ந்து அங்கே கடலுக்குள் இறங்கிப் பார்த்தது உண்மை. சுவர் போன்ற அமைப்புகளும் செதுக்கிய கற்களும் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் தெரிந்ததும் உண்மை. ஆனால், பல்லவர் காலத்துக்குப் பிறகு கடல் மட்டம் அத்தனை மீட்டர் ஏறவில்லை. அங்கே கடல் மேலேறி வந்திருப்பதைவிட, மணலை அரித்துப் பக்கவாட்டில் உள்ளே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அண்டார்க்டிகா செய்யாத குற்றத்தை அதன் தலையில் கட்டக் கூடாது.

இன்றைய அரிப்புக்கும் இது பொருந்தும். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே ஒரு சுவரையோ தூண்டில் வளைவையோ கட்டினால், தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்ததும் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கரைந்ததும் அப்படித்தான். ஒரு குப்பத்தைக் காப்பாற்றப் போட்ட கல் அடுத்த குப்பத்தின் வாசலைக் கேட்கிறது என்ற சண்டை இந்தக் கரையில் புதிதல்ல. அந்த மணல் கணக்குக்கு அடியில் மெதுவாக ஓடும் இன்னொரு கணக்குதான் கடல் மட்டம். 1901-க்கும் 2018-க்கும் நடுவே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியது. கடந்த 3,000 ஆண்டுகளில் எந்த நூற்றாண்டிலும் இல்லாத வேகம் அது. இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 4 மி.மீ. ஆகிவிட்டது.

4 மி.மீ. என்றால் இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கிய உயரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் மணற்கரை சரிவானது. கடல் ஒரு செ.மீ. ஏறினால் கரை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை பின்வாங்கலாம் என்று ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு. எல்லா இடத்துக்கும் அது பொருந்தாது. ஃபைபர் போட்டை ஏற்றி வைக்க, வலை பிரித்துப் போட, மீன் காயவைக்க மணல்தான் வேண்டும் என்பவர்களுக்கு அந்த ஒரு மீட்டர் சின்ன விஷயமல்ல.

நேர் தெற்கே ஒரு கோடு

கடற்கரைக் கோயிலிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு போடுங்கள். இலங்கையை வடக்கிலிருந்து தெற்காகக் குறுக்கே கடந்தபின் அந்தக் கோடு வேறு நிலத்தையே தொடாது. சுமார் 9,000 கி.மீ. தாண்டி அண்டார்க்டிகாவில்தான் முட்டும். அது முட்டும் இடத்துக்குச் சற்று மேற்கே இந்தியாவின் பாரதி தளம் இருக்கிறது. 2012-ல் திறக்கப்பட்டது. 13 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை இந்த இரண்டு கரையும் ஒட்டிக்கொண்டிருந்தவைதான். பல்லாவரத்துக் குன்றில் கிடைத்து, சார்னோகைட் என்று பெயர் வாங்கிய அதே வகைப் பாறை அண்டார்க்டிகாவிலும் கிடக்கிறது.

9,000 கி.மீ. தூரத்தில் உருகும் ஐஸ் நம்மை எட்ட நாளாகும், அதற்குள் அங்கே பக்கத்தில் இருப்பவர்களைத்தான் முதலில் பாதிக்கும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது நேர்மாறு.

அண்டார்க்டிகா இந்தியாவைப் போல நான்கு மடங்கு பரப்பு. அதன் மேல் சராசரியாக 2 கி.மீ. தடிமனுக்கு ஐஸ். அத்தனை எடைக்கும் ஈர்ப்பு விசை உண்டு. நிலா கடலை இழுத்து ஓதம் உண்டாக்குவது போல, அந்த ஐஸ் மலையும் சுற்றியுள்ள கடலைத் தன்னை நோக்கி இழுத்து வைத்திருக்கிறது. ஐஸ் குறைந்தால் இழுப்பும் குறையும். பிடித்து வைத்திருந்த தண்ணீரை அது விட்டுவிடும். அதனால் உருகும் இடத்தைச் சுற்றிக் கடல் மட்டம் இறங்கும். விட்ட தண்ணீரும் உருகிய தண்ணீரும் சேர்ந்து தொலைவில் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். வடக்கே கிரீன்லாந்து உருகினாலும் இதே கதை. நாம் இரண்டுக்கும் தூரம். இரண்டு வீட்டுக் கல்யாணச் செலவிலும் பங்கு கேட்கப்படும் உறவினர் நிலைமை நம் கரைக்கு.

2002-லிருந்து செயற்கைக்கோள்கள் இந்த எடைக் குறைவை அளந்து வருகின்றன. அண்டார்க்டிகா ஆண்டுக்குச் சுமார் 15,000 கோடி டன், கிரீன்லாந்து சுமார் 27,000 கோடி டன் ஐஸை இழக்கின்றன. அண்டார்க்டிகா முழுவதும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இழப்பில் பெரும்பங்கு மேற்குப் பக்கத்தில், த்வைட்ஸ் போன்ற பனியாறுகளில். மைத்ரி இருக்கும் பக்கம் இப்போதைக்குப் பெரிதாகக் குறையவில்லை. கூடுதல் பனி பெய்து எடை ஏறிய ஆண்டுகளும் அங்கே உண்டு.

மதகுப் பலகை

அப்படியானால் இந்திய ஆய்வாளர்கள் ஏன் அந்த அமைதியான பக்கத்தையே சுற்றிச் சுற்றி அளக்கிறார்கள்?

ஏரிக்கரைக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். அண்டார்க்டிகாவின் விளிம்பில் பல இடங்களில் ஐஸ் நிலத்தைத் தாண்டிக் கடல்மேல் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு மிதக்கிறது. மிதக்கும் ஐஸ் உருகினால் கடல் மட்டம் ஏறாது. டம்ளர் தண்ணீரில் ஐஸ் துண்டைப் போட்டு உருகும் வரை பார்த்தால் வீட்டிலேயே தெரியும், தண்ணீர் வழியாது. ஆனால் அந்த மிதக்கும் பலகைதான் பின்னால் நிலத்தின் மேல் இருக்கும் ஐஸைத் தடுத்து நிறுத்துகிறது. மதகுப் பலகையைத் தூக்கினால் பலகையால் ஊர் மூழ்காது, பின்னால் இருக்கும் ஏரியால் மூழ்கும். அந்தப் பலகைகளைக் கீழேயிருந்து தாங்கும் மேடுகளும் இருக்கின்றன. கடலடித் தரையில் முட்டி நின்று, பலகையை ஆணி அடித்தது போலப் பிடித்து வைத்திருக்கும் மேடுகள். கோவா மையமும் நார்வேயின் துருவ நிறுவனமும் 2016-லிருந்து சேர்ந்து, மைத்ரி பக்கத்தில் உள்ள அந்த மேடுகளை ரேடாரால் ஊடுருவிப் பார்த்தன, பனித்தண்டும் எடுத்தன. அந்தப் பிடி கடந்த காலத்தில் எத்தனை காலம் நின்றது, எப்போதாவது தளர்ந்ததா என்பதே கேள்வி.

இதே போன்ற வேலை துருவத்தின் மறுமுனையிலும் நடக்கிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த அளவைக் கருவித் தொகுதி ஒன்று 2014 ஜூலையில் ஆர்க்டிக்கின் கோங்ஸ்ஃபியோர்டன் கடல்நுழைவில், 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் இறக்கப்பட்டது. வெதுவெதுப்பான அட்லாண்டிக் தண்ணீர் எப்போது, எவ்வளவு உள்ளே வருகிறது என்று அது ஆண்டு முழுக்கக் குறித்துவைத்தது. டிராஃபிக்கில் தினம் அந்தப் பக்கம் கடப்பவர்களில் பலருக்கு இது தெரியாது.

கடலோரத்தில் ஒரு தடுப்புச்சுவரோ, மீன் இறங்குதளமோ, நெம்மேலியில் இருப்பது போன்ற குடிநீர் ஆலையோ கட்டும் பொறியாளர் கேட்பது ஒரே ஒரு எண்: 2100-ல் கடல் எவ்வளவு உயரம் இருக்கும்? ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-ல் தந்த விடையில், புகையைக் கடுமையாகக் குறைத்தால் 1995-2014 கால அளவைவிட 28-லிருந்து 55 செ.மீ. வரை, குறைக்காமல் கூட்டிக்கொண்டே போனால் 63 செ.மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை. அதோடு ஒரு பின்குறிப்பும் உண்டு. பனிப்படலங்கள் எதிர்பாராத விதத்தில் உடையத் தொடங்கினால் 2 மீட்டரை நெருங்குவதையும் மறுக்க முடியாது என்கிறது அது. 28 செ.மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் நடுவே சுவர் கட்ட முடியாது. அந்த இடைவெளியில் பாதி மனிதர்கள் விடும் புகையைப் பொறுத்தது. மீதி, அந்த மதகுப் பலகை எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பொறுத்தது.

2025 ஜனவரியில் ஐரோப்பியக் குழு ஒன்று டோம் சி அருகே 2,800 மீட்டர் துளைத்துப் பாறையைத் தொட்டது. அந்த ஐஸ் குறைந்தது 12 லட்சம் ஆண்டு பழையது. இப்போது அது ஐரோப்பிய லேப்களில் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கப்பட்டு வருகிறது. அடிப்பகுதியில் ஒரு மீட்டருக்குள்ளேயே 13,000 ஆண்டுகள் வரை அடங்கியிருப்பதால் யாரும் அவசரப்படவில்லை.